முப்பத்தொன்றரை மில்லி

குருவுக்கு வயது முப்பத்தி நாலு. சீடருக்கு ஐம்பத்தி மூணு. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடவும் வேண்டாம். இந்தக் குரு கோயமுத்தூர் கணபதியில், பேட்டரிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தாள்.

பெயர் மோகனப்பிரியா. டிராயிங் தொலைந்துபோன பழைய மெஷின் பாகங்களை அளந்து, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் டிராயிங்காக வரைந்து கொடுப்பது அவள் தொழில். அந்த டிராயிங்கைப் பார்த்துப் பட்டறையில் புதுசு கடைவார்கள். குருவைப் போய் 'அவள்' என்பதா என்று கோபிக்காதீர்கள். சீடர் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் இன்னும் கொஞ்சம் காரமாக.

சீடர் பெயர் ஆறுச்சாமி. ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைந்து வருகிற பாகத்தை அளந்து, டிராயிங்கோடு ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு என்று பெயிண்ட் வைக்கிற வேலை. கம்பெனி மூடியதும், கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்ளலாம் என்று மோகனாவிடம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஒரு குணம். ஒருத்தரையும் நம்பமாட்டார். டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் கையை எட்டிப் பார்ப்பார். எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இது சும்மா வந்த குணமில்லை. அவர் லீவில் இருந்த ஒரு வாரத்தில் எவனோ ஒருத்தன் அளக்காமலே ரிப்போர்ட்டில் எண்களை எழுதிவிட்டான். போன சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அதில் விழுந்த கம்பெனி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து, அளக்காமல் எழுதிய எண்ணைக் கண்டால் ஆறுச்சாமிக்கு வயிறு எரியும்.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் குரு எண்களை மாற்றுவது பட்டது.

முதலில் ஒரு புல்லி. அவர் அளந்தது ஒன்று, டிராயிங்கில் அவள் போட்டது வேறொன்று. பிறகு ஒரு பல்சக்கரம். அதற்குப் பிறகு ஒரு பிராக்கெட் வந்தது. அதில் ஓட்டை மூணு மில்லி தள்ளி, பார்த்தாலே தெரிகிற கோணலாக இருந்தது. சரி, இதையும் மாற்றுவாள் என்று பார்த்தால், கோணலை அப்படியே கோணலாக வரைந்து வைத்தாள். கோணலை நேராக்கவில்லை, நேரானதை மட்டும் மாற்றுகிறாளே, இது என்ன கூத்து? ஆறுச்சாமி ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுதி வைக்க ஆரம்பித்தார்.

ஒரு புதன்கிழமை காலையில் வெள்ளியங்கிரி என்று ஒருவர் தோளில் சாக்கோடு படியேறி வந்தார். செங்கரட்டூரில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற ஆபரேட்டர். கரடு என்கிற சின்னப் பாறைக் குன்றின்மேல் அறுபது வீடு, கரட்டடியில் கிணறு. ஒரு பழைய பம்புதான் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சாக்கிலிருந்து அவர் எடுத்து வைத்தது அந்தப் பம்பின் ஷாப்ட், உள்ளே சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு. ஒரு முனை ஒடிந்திருந்தது.

"பதினோரு நாளா ஊருக்குத் தண்ணி இல்லீங்க. பொம்பளைங்க அத்தனை பேரும் கெணத்துக்கு எறங்கி ஏறுறாங்க. நேத்து மாசமா இருக்கற புள்ளையொண்ணு கொடத்தோட வழுக்கி விழுந்துருச்சு. ஏதோ சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகலை. புதுப் பம்பு வர மூணு மாசமாகும்னு ஆபீசுல கையை விரிச்சுட்டாங்க."

"இந்த ஷாப்ட் எப்பங்க போட்டது?" என்று மோகனா கேட்டாள்.

"ரெண்டு மாசந்தானுங்க ஆச்சு. பழசைக் கொண்டுபோய் லேத்துல குடுத்தேன், அதே மாதிரி போட்டுக் குடுத்தாங்க."

"அந்தப் பழசு?"

"அதுவும் அப்படிப் போட்டதுதானுங்க. ஒரு வருசம் ஓடுச்சு."

"அதுக்கும் முந்தினது?"

"அது எங்கப்பன் காலத்துச் சாமானுங்க. எத்தனை வருசம் ஓடுச்சோ, எனக்கே தெரியாது."

மோகனா "ம்" என்றாள். ஷாப்ட்டை ஆறுச்சாமியிடம் நகர்த்தினாள். "அளங்ணா."

அவர் அளந்தார். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் உட்காரும் இடத்தில் மைக்ரோமீட்டர் முப்பத்தொண்ணு பாயிண்ட் ஐந்து காட்டியது. திருப்பி வைத்து அளந்தார், அதே. இன்னும் இரண்டு இடத்தில் அளந்தார், அதே. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கடைசல் ரேகைகூட அழியவில்லை. பளபளப்பு போக வெள்ளைப் பவுடர் அடித்து ஸ்கேன் பண்ணியதிலும் அதே முப்பத்தொன்றரை. எவ்வளவு சுத்தமான எண்! ஆறுச்சாமிக்கு மனசு குளிர்ந்துபோனது.

"எழுதி வைங்ணா" என்றாள் மோகனா. பிறகு வெள்ளியங்கிரியிடம், "பம்பு ரூம் சாவி யார்கிட்ட இருக்குது?"

"எங்கிட்டத்தானுங்க."

"அப்ப வாங்க போலாம்."

அளக்கிற சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு படியிறங்கிப் போய்விட்டாள். எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் காலெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் டிராயிங்கைத் திறந்தார் ஆறுச்சாமி. அந்த இடத்தில் முப்பத்தொண்ணு பாயிண்ட் ஏழு நாலு என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். ஏழு நாலுதான்.

"மேடம், இந்த எண்ணு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"பம்புலிருந்துதானுங்ணா."

"நான் அளந்தது முப்பத்தொன்றரை."

"நல்லாத்தான் அளந்தீங்க."

"ஸ்கேனும் அதையேதான் சொல்லுது."

"ஆமாங்ணா, சொல்லுது."

"அப்புறம் எதுக்குங்க மாத்தறீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. கையை மட்டும் காட்டி, "சாவகாசமா ஒரு நாள் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். அந்தச் சாவகாசம் அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை.

நம்பாதவன் மனசுக்கு இதற்குமேல் தீனி வேண்டுமா? ஆறுச்சாமி வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். சுத்தமான எண்ணை விட்டுவிட்டு இந்த நொண்டி எண்ணை எதற்குப் போட வேண்டும்? அந்த ஊருக்குப் போய் யாரைப் பார்த்தாள்? அந்த லேத்துக்காரனையா? ரெண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள்? பாகம் அடிக்கடி ஒடிந்தால்தானே ஆள் அடிக்கடி வருவான். சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது என்று ஒரு வாய் தின்றார். ஏன் இருக்காது என்று அடுத்த வாய் இறங்கவில்லை. கண்ணை மூடினால், குடத்தோடு வழுக்கி விழுகிற அந்தப் பெண்தான் தெரிந்தாள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக அவர் நிஜமாகவே பயந்தார். அதில் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோகனா சொன்னாள்: "செங்கரட்டூர் டிராயிங்கைப் பிரிண்ட் எடுங்ணா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன், பட்டறைக்குப் போகட்டும்."

ஆறுச்சாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஏழையும் நாலையும் அழித்தார். ஐந்தைப் போட்டார், பக்கத்தில் ஒரு பூஜ்யம். பிரிண்ட் எடுத்து நீட்டினார்.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

பார்த்தாயா, பார்க்காமலே போடுகிறாள் என்று அதற்கும் ஒரு வரி நோட்டில் எழுதிக்கொண்டார் ஆறுச்சாமி. என்ன சொல்ல! ஆனால் அன்றைக்கு அவருக்கு நல்ல பசி. ஒரு ஊரையே காப்பாற்றிவிட்ட பசி.

ஷாப்ட் கடைந்து போனது. பம்பு ஓடுகிறது, மேலே தண்ணீர் ஏறிவிட்டது என்று வெள்ளியங்கிரி போன் பண்ணினார். மோகனா சந்தோஷப்பட்டாள். ஆறுச்சாமி அதைவிடச் சந்தோஷப்பட்டார், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது நாள் அதே சாக்கு, அதே தோள். வெள்ளியங்கிரி இந்தத் தடவை உட்காரவில்லை.

"நின்னு போச்சுங்க."

ஷாப்ட்டை மேஜைமேல் வைத்தார். அதே இடத்தில் ஒடிந்திருந்தது.

"ராத்திரி பகலா டங்கு டங்குன்னு ஒரு சத்தம். நேத்து ஒடிஞ்சுருச்சு."

"சக்கரத்தை மாட்டும்போது எப்படிங்க போச்சு?" என்று மோகனா கேட்டாள்.

"கையாலயே சொகமா உள்ள போச்சுங்க. நல்ல வேலை செஞ்சிருக்கறாங்கன்னு நெனச்சேன்."

மோகனாவின் முகம் மாறியது. ஷாப்ட்டை ஆறுச்சாமி பக்கம் நகர்த்தினாள். "அளங்ணா."

அளந்தார். "முப்பத்தொண்ணு பாயிண்ட் அஞ்சுங்க."

அவள் எழுந்துபோய் கோப்பிலிருந்து டிராயிங் நகலை எடுத்தாள். அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். இனி பழியைப் பட்டறைக்காரன் தலையில் கட்டிவிடுவாள், பாரேன் என்றது ஆறுச்சாமியின் மனசு. அந்த நேரத்திலும் அது அடங்கவில்லை.

அவள் பட்டறைக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணா, செங்கரட்டூர் ஷாப்ட் திரும்பி வந்துருச்சு. இல்லைங்ணா, உங்க மேல தப்பில்லை. நீங்க டிராயிங்படிதான் போட்டிருக்கீங்க. எண்ணு தப்பு. பார்க்காம கையெழுத்துப் போட்டது நானு. முப்பத்தொண்ணு எழுபத்தி நாலுங்ணா. மத்தியானத்துக்குள்ள ஒண்ணு போட்டுக் குடுங்க, கும்புட்டுக் கேக்கறேன்."

போனை வைத்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுச்சாமி பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார், நோட்டை எடுத்து நீட்டியிருப்பார். அவள் திட்டவில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது.

"மாத்துனது நானுங்க" என்றார்.

வெள்ளியங்கிரி திரும்பினார். "ஏனுங்க, நீங்களா? எதுக்குங்க?"

"மேடம் போட்ட எண்ணு மேல எனக்கு நம்பிக்கை வரலீங்க. உங்க ஊர் கெட்டுப் போயிடக் கூடாதேன்னுதான்."

"எங்க ஊருக்காகவா?" வெள்ளியங்கிரியின் கழுத்து நரம்பு புடைத்தது. "பொண்டு புள்ளைக மறுபடியும் கெணத்துல எறங்கி நிக்குதுங்க. இதையும் ஊருக்காகத்தான் செஞ்சாருன்னு போய்ச் சொல்லட்டுங்களா?"

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பார். பேட்டரிக் கடைக்கு மேலே அதற்கெல்லாம் வசதியில்லை.

"கெளம்புங்ணா" என்றாள் மோகனா. "நீங்களும் வர்றீங்க."

மத்தியானம் புது ஷாப்ட் வந்தது. மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஷாப்ட்டை யாரிடமும் கொடுக்காமல் ஆறுச்சாமியே மடியில் வைத்துக்கொண்டார். செங்கரட்டூர் கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தியும் அவரைத் திட்டவில்லை, யார் என்று தெரிந்தால்தானே திட்டுவதற்கு. அவர்தான் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் பம்பு ரூமுக்குள் நுழைந்தார்.

உள்ளே மோட்டார் பக்கத்தில் இம்பெல்லர் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மோகனா பெட்டியைத் திறந்து, ஓட்டையை அளக்கிற கேஜை அவர் கையில் கொடுத்தாள்.

"இதை அளங்ணா."

"இதையா?"

"இது எது மேல உக்காருது?"

"ஷாப்ட்டு மேல."

"அப்ப அளங்க."

இருபத்தாறு வருஷத்தில் ஆறுச்சாமி ஒரு பாகத்தை டிராயிங்கோடு ஒப்பிட்டிருக்கிறார், லட்சம் தடவை. அது போய் மாட்டுகிற இன்னொரு பாகத்தோடு ஒப்பிட்டதில்லை. அது வேறு டிபார்ட்மெண்ட். அந்தக் கோணல் பிராக்கெட்கூட எந்தக் கோணலில் போய் மாட்டுகிறது என்று அவர் பார்க்கவில்லை.

ஓட்டையின் வாய்ப்பக்கம் அடி வாங்கி அகன்றிருந்தது. "முப்பத்தி ரெண்டு தொடுதுங்க."

"உள்ள போங்க. ஷாப்ட் ஆடி அடிக்காத எடத்துக்கு."

நடுவில் கேஜ் நின்றது. முள்ளைப் பார்த்தார். திரும்ப அளந்தார்.

"முப்பத்தொண்ணு எழுபத்தி அஞ்சு."

"இப்ப அந்தக் கூடு. அது எப்பவும் அசையாது."

பம்பின் வார்ப்புக் கூட்டில் பேரிங் உட்காரும் குழியை அளந்தார். நாற்பத்தி நாலு பாயிண்ட் நாலு ஐந்து. அடிப்பக்க போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அளந்தார். நூற்று இருபத்தேழு. மனசுக்குள் ஒவ்வொன்றாக இருபத்தைந்து பாயிண்ட் நாலால் வகுத்துப் பார்த்தார். ஒண்ணே முக்கால் இஞ்ச். அஞ்சு இஞ்ச். முப்பத்தொண்ணு எழுபத்தி அஞ்சு என்றால் ஒண்ணேகால். ஷாப்ட் உள்ளே நுழைய ஒரு மயிரிழை விட்டால் எழுபத்தி நாலு.

"ஐயையோ" என்றார். "இது இஞ்ச்சுப் பம்புங்க மேடம். மில்லிக்கு முந்தின காலத்துப் பம்பு."

மோகனா கேஜைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"ஆனா ஷாப்ட்டுல தேய்மானமே இல்லீங்களே. கடைசல் ரேகை அப்படியே இருந்துச்சு. புத்தம் புதுசு மாதிரி. அதனாலதானே நான்..."

"தேஞ்சதைப் பாத்துப் போட்ட புதுசுங்ணா அது."

ஆறுச்சாமி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷம் ஓடித் தேய்ந்த ஷாப்ட்டைப் பார்த்து ஒரு புதுசு. அது ஆடி ஆடித் தேய்ந்ததும், அதைப் பார்த்து இன்னொரு புதுசு. முன்னது ஒரு வருஷம், பின்னது ரெண்டு மாசம். அதையே நூல் பிசகாமல் அளந்து, அவர் பங்குக்கு ஒன்று. ஒன்பது நாள். எல்லாம் சுத்தமான வேலை.

வெள்ளியங்கிரி இம்பெல்லரை மாட்டப் பார்த்தார். பாதிதான் போனது. "உள்ள போகலீங்களே. பெருசாப் போட்டுட்டாங்க போல" என்று கவலையாகச் சொன்னார்.

"இல்லீங்க" என்றார் ஆறுச்சாமி. "மரக்கட்டை வெச்சு மெதுவாத் தட்டுங்க. அப்படித்தான் போகோணும்."

தட்டித் தட்டி ஏற்றினார்கள். எல்லாம் மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் பம்பு ஒரே சீராக ஓடியது. டங்கு என்கிற சத்தத்தைத் தேடி ஆறுச்சாமி கூட்டின்மேல் காதையே வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கரட்டு மேலிருந்து யாரோ கூவுகிற சத்தம் வந்தது. வெள்ளியங்கிரி வெளியே ஓடினார். கிணற்றுக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்து, காலிக் குடத்தோடு ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

பம்பு ரூமில் இருவர் மட்டும் இருந்தார்கள். மோகனா கழிவு நூலில் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம்?"

"கேளுங்ணா."

"நான் யாரையுமே நம்பாதவனுங்க. அதுதான் என் தொழிலுக்குப் பலம்னு நெனச்சுட்டிருந்தேன். அப்படியிருந்தும் தப்பு பண்ணிட்டேன். நீங்க அந்த எழுபத்தி நாலை அவ்வளவு நம்பிக்கையா எப்படிங்க எழுதுனீங்க?"

"ஷாப்ட்டைப் பார்த்தப்பவே எனக்கும் நம்பிக்கை வரலைங்ணா. அதான் அன்னிக்கே பஸ் ஏறி இங்க வந்து பார்த்தேன்." நூலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் மேல நம்பிக்கை வராதப்ப, நீங்க எங்கங்ணா போய்ப் பார்த்தீங்க?"